எழுபது வளைவுகளுக்கு மேலே ஐந்து வாட்

கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு. எழுபதாவது வளைவு முடிவதற்குள் காது இரண்டு தடவை அடைத்துத் திறந்துவிடும். சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகள் ஜன்னலுக்கு வெளியே வந்துவிடும். பேருந்தில் மற்றவர்கள் மடியில் காய்கறிப் பை, குழந்தை, கோழிக்கூடை என்று வைத்திருக்க, பொறியாளர் ஒருவரின் மடியில் ஒரு பேட்டரி இருந்தது. வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் அதே கறுப்புப் பெட்டி, 12 வோல்ட், 7 ஏஹெச். கணக்குப்படி அதற்குள் இருப்பது 84 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கைக்கு நிஜமாகக் கிடைப்பது 42. மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும் வரை வானொலி அனுப்ப அவ்வளவுதான் கையிருப்பு.

அது 2012. சென்னையைத் தாண்டிய தமிழ்நாட்டில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு நிலவிய காலம். அவருக்குக் கோவையில் ஒரு நிறுவனத்தில் பவர் சப்ளை வடிவமைக்கும் வேலை. எல்இடி விளக்குகளுக்கான டிரைவர், சின்னச் சின்ன சார்ஜர், டெலிகாம் ரெக்டிஃபையர் என்று பகல் போகும். ராத்திரியில் அவர் ஹாம். ஹாம் ரேடியோ என்றால் அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, சொந்த நிலையத்திலிருந்து உலகத்தோடு பேசும் அமெச்சூர் வானொலி. அவருக்கு மோர்ஸ் பிடிக்கும். மோர்ஸுக்குக் குறைந்த வாட் போதும், மலையில் அதுதான் பெரிய சௌகரியம்.

அப்போது அவரிடம் இருந்தது ஒரு பிட்எக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான், வியூ2இஎஸ்இ என்ற அழைப்புக் குறி கொண்டவர், உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் பாகங்களை மட்டும் வைத்துக் கட்டக்கூடிய டிரான்ஸீவராக அதை வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டார். தொழிற்சாலைப் பெட்டி வாங்க வசதியில்லாத எத்தனையோ இந்திய ஹாம்களை அந்த ஒரு சர்க்யூட் காற்றலைக்குக் கொண்டுவந்தது. அவருக்கு ஃபர்ஹான் மீது இருந்த மரியாதை இன்றும் குறையவில்லை. பிட்எக்ஸின் கடைசிக் கட்டத்தில் ஐஆர்எஃப்510 என்ற மலிவான மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். பவர் சப்ளையில் ஸ்விட்சாக வேலை செய்யப் பிறந்த பாகம், இங்கே குரலைச் சிதைக்காமல் பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபையராக உழைக்கும். ஐந்து வாட் வெளியே போக, ஏறக்குறைய பத்து வாட் உள்ளே இழுக்கும். மீதி ஐந்தும் ஹீட்சிங்கில்.

கோவை மேசையில் அந்த ஐந்து வாட்டை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மலையில் அது பேட்டரியின் பாதி.

இந்த வீண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாடப்புத்தகம் அழகாகச் சொல்லும். லீனியர் ஆம்ப்ளிஃபையரில் டிரான்சிஸ்டர் ஒரு குழாய்த் திருகுபோல் பாதி திறந்து பாதி மூடி நிற்கிறது. அதன் இரு முனைகளுக்கு நடுவே வோல்டேஜும் இருக்கும், அதே நேரத்தில் கரண்டும் ஓடும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சூடு. ஏ வகுப்பில் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது. பி வகுப்பில் 78.5 சதவீதம் உச்சவரம்பு. டிரான்சிஸ்டரை முழுதாக ஆன், முழுதாக ஆஃப் என்று ஸ்விட்சாக ஓட்டினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனில் இருக்கும்போது வோல்டேஜ் பூஜ்யம், ஆஃபில் இருக்கும்போது கரண்ட் பூஜ்யம். பெருக்கல் எப்போதும் பூஜ்யம்.

அலுவலகத்தில் அவர் நாளும் மல்லுக்கட்டியது இதன் மறுபக்கத்தோடு. எந்த மாஸ்ஃபெட்டுக்குள்ளும் வேண்டாத ஒரு கெப்பாசிட்டர் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஸ்விட்ச் ஆஃப் ஆக இருக்கும்போது அது சார்ஜ் ஆகும். ஸ்விட்ச் ஆன் ஆகும் நொடியில் அந்த சார்ஜ் முழுவதும் டிரான்சிஸ்டருக்குள்ளேயே கொட்டிச் சூடாகும். 200 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டுக்கு ஏறியிருந்தால் ஒவ்வொரு முறையும் 16 மைக்ரோஜூல் போகிறது. நொடிக்கு ஒரு லட்சம் முறை என்றால் 1.6 வாட், தாங்கிக்கொள்ளலாம். நொடிக்குப் பத்து லட்சம் முறை என்றால் 16 வாட். ஹாம்கள் விரும்பும் 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எழுபது லட்சம் முறை. வோல்டேஜ் குறைவாக இருந்தாலும் அங்கே இந்தக் கணக்கு ஆளை விடாது.

விடை அவருக்கு ஒரு பழைய கட்டுரையில் கிடைத்தது. 1975 ஜூனில் ஐஇஇஇ இதழ் ஒன்றில் நேதன் சோகலும் ஆலன் சோகலும் எழுதியது. அப்பாவும் மகனும். ஆலனுக்கு அப்போது 20 வயது. அதே ஆலன் சோகல்தான் பிற்காலத்தில் இயற்பியல் பேராசிரியராகி, 1996-ல் ஒரு பண்பாட்டு ஆய்வு இதழுக்குப் போலிக் கட்டுரை அனுப்பி அறிவுலகத்தையே கலக்கியவர். அந்தச் சர்ச்சையைப் பற்றிப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு, அந்தப் பெயர் ஏற்கெனவே வானொலிப் பொறியியலில் நிலைத்துவிட்ட பெயர் என்று தெரியும்? இதற்கும் முன்னதாக 1964-ல் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு யூவிங் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதே வழியைத் தொட்டிருந்தார். ஆனால் அதற்குப் பெயர் வைத்து, கணக்குப் போட்டு, எல்லோரும் கட்டும்படி செய்தவர்கள் சோகல்கள். அவர்கள் வைத்த பெயர் இ வகுப்பு. முதல் கட்டுரையிலேயே ஒரு ஜோடிச் சின்ன டிரான்சிஸ்டர்களிலிருந்து 3.9 மெகாஹெர்ட்ஸில் 26 வாட் எடுத்துக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரின் திறன் 96 சதவீதம். விரல் நுனி அளவுள்ள உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்கள் அவை.

இ வகுப்பின் சூட்சுமம் நேரம். டிரான்சிஸ்டருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கெப்பாசிட்டரை எதிரியாக நினைக்காமல் சர்க்யூட்டின் உறுப்பாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். அதோடு ஒரு காயிலும் இன்னொரு கெப்பாசிட்டரும் ஒத்ததிர்வில் இணைகின்றன. ஸ்விட்ச் ஆஃப் ஆனதும் வோல்டேஜ் மேலே எழும்பி, தானாகவே ஊசலாடிக் கீழே இறங்கி, சரியாகப் பூஜ்யத்தைத் தொடும். அதுவும் வேகமாக வந்து மோதாமல், தரையில் படிவதுபோல் சரிவே இல்லாமல் தொடும். அந்தக் கணத்தில் ஸ்விட்ச் மூடுகிறது. கொட்டுவதற்கு சார்ஜ் எதுவும் மிச்சமில்லை. கொல்லிமலையில் ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டுச் சாமை குற்றுவதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு உலக்கை மேலே போன பிறகே மற்றது இறங்கும். நேரம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதி, போட்ட பலம் வெறும் சத்தமாகப் போகும். வோல்டேஜும் கரண்டும் அந்த இரண்டு உலக்கைகள்.

நேதன் சோகல் 2001-ல் ஹாம்கள் படிக்கும் ஓர் இதழில் இதையே கை வேலைக்காரர்களுக்கு ஏற்றபடி எழுதியிருந்தார். அந்தச் சூத்திரங்களை வைத்துக்கொண்டு நம் பொறியாளர் ஒரு நோட்டுப் பக்கத்தில் கணக்குப் போட்டார். 12 வோல்ட், 5 வாட் என்றால் டிரான்சிஸ்டர் பார்க்க வேண்டிய சுமை 16.6 ஓம். 7.03 மெகாஹெர்ட்ஸில் டிரெயின் என்ற வெளியீட்டு முனையில் இருக்க வேண்டிய கெப்பாசிட்டர் 250 பிகோஃபாரட். அதில் பெரும்பங்கை ஐஆர்எஃப்510 தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது, வெளியே நூறு சேர்த்தால் போதும். காயில் 1.9 மைக்ரோஹென்றி. அரை அங்குல விட்டமுள்ள சிவப்பு டி50-2 டொராய்டு வளையத்தில் எனாமல் கம்பியை இருபது சுற்றுச் சுற்றினால் அந்த அளவு வரும். டிரெயின் வோல்டேஜின் உச்சம் சப்ளையைப் போல் 3.56 மடங்கு, அதாவது 43 வோல்ட். பாகத்தின் தாங்குசக்தி 100 வோல்ட். கணக்கு இத்தனை ஒத்துப்போகும்போது ஒரு வடிவமைப்பாளருக்கு வரும் சந்தோஷத்தை வேறு எதிலும் அவர் கண்டதில்லை.

காகிதத்தில் ஒத்துப்போனது கம்பியில் உடனே ஒத்துப்போவதில்லை. மாஸ்ஃபெட்டின் உள் கெப்பாசிட்டர் வோல்டேஜுக்குத் தக்கபடி மாறும். போர்டின் செம்புத் தடம் கொஞ்சம் சேர்க்கும். டொராய்டில் கம்பி நெருங்கியிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்பதும் சேர்ந்துகொள்ளும். கடைசிச் சரிக்கட்டல் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டியது.

அதைச் செய்தது செம்மேட்டுக்கு அருகே அவர் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில். மிளகும் காப்பியும் போட்டிருந்த குடும்பம். கரண்ட் வந்திருந்த ஒரு முன்னிரவு. பழைய ஆசிலோஸ்கோப்பைத் திண்ணையில் வைத்து, ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில் 50 ஓம் டம்மி லோடை மாட்டி, டிரெயினில் பத்துக்கு ஒன்று ப்ரோபைக் கவ்வவிட்டார். கீயை அழுத்தியதும் பச்சைத் திரையில் ஒரு மேடு எழுந்தது. ஏறியது, வளைந்தது, இறங்கத் தொடங்கியது, தரைக்கு வராமலே நின்றது. ஏறத்தாழ முப்பது வோல்ட் மிச்சமிருக்கும்போதே ஸ்விட்ச் மூடிவிட, அங்கே செங்குத்தான ஒரு விளிம்பு. அந்த விளிம்புதான் சூடு. அம்மீட்டர் 0.6 ஆம்பியர் காட்டியது.

மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டார். உலோகம் எதுவும் காயில் பக்கத்தில் போகக் கூடாது, விரலும் கூடாது. சிம்பின் நுனியால் டொராய்டின் சுற்றுகளை ஒன்றோடு ஒன்று நெருக்க நெருக்க, காயிலின் மதிப்பு கூடியது. திரையில் விளிம்பு குட்டையானது. இன்னும் ஒரு சுற்று நெருக்கம். மேடு இன்னும் கீழே இறங்கி, விளிம்பு முழங்கால் உயரமாகி, கணுக்கால் உயரமாகி, பிறகு இல்லாமலே போனது. மேடு வழுவழுப்பாகக் கோட்டைத் தொட்டு, கோட்டோடு கோடாகக் கிடந்தது. அம்மீட்டர் 0.5. வாட்மீட்டரில் 5.1 வாட். உள்ளே போவது 6 வாட், வெளியே வருவது 5.1, 85 சதவீதம். கீயை விட்டுவிட்டு மாஸ்ஃபெட்டின் உலோக முதுகைத் தொட்டுப் பார்த்தார். ஹீட்சிங்க் இல்லை. வெதுவெதுப்புத்தான்.

“என்ன தம்பி, டிவி பெட்டியில கோலம் போட்டுட்டிருக்கீங்க?” என்று வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். “கோலம் சரியா வந்துருச்சுங்கம்மா” என்றார் இவர்.

நேர்மையாகச் சொன்னால் 85 முழுக் கணக்கு ஆகாது. மாஸ்ஃபெட்டின் கேட் என்ற கட்டுப்பாட்டு முனையை நொடிக்கு எழுபது லட்சம் முறை ஏற்றி இறக்கவும் சக்தி வேண்டும். ஐஆர்எஃப்510-ஐ முழு வீச்சில் ஓட்ட அதற்கே அரை வாட்டுக்கு மேல் போகிறது. அதையும் சேர்த்தால் மொத்தத் திறன் 77 சதவீதம். திறன் பற்றிப் பெருமை பேசும் பல வடிவமைப்புகள் இந்த வரியை விழுங்கிவிடும். அது அவருக்கு எப்போதும் உறுத்தும். ஆனாலும் அந்த 42 வாட்-மணிக்கு, பழைய பெட்டியில் நான்கு மணி நேரம் சொச்சம் அனுப்ப முடிந்தது ஆறு மணி நேரத்தைத் தாண்டியது. மோர்ஸில் கீ அழுந்தியிருப்பது பாதி நேரம்தான் என்பதால் நடைமுறையில் இன்னும் இரட்டிப்பு.

அடுத்த மாலை இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருபது மீட்டர் நீளக் கம்பி டைபோல் ஏறியது. பொழுது சாய்ந்த பிறகு 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறி ஒன்று பதில் சொன்னது. கொழும்பு. நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பிய ஐந்து வாட் அங்கே தெளிவாகக் கேட்டதாம். அந்த முனையில் இருந்தவர் என்ன ஆம்ப்ளிஃபையர் என்று கேட்க, இவர் மோர்ஸிலேயே இ வகுப்பு என்று அடித்தார். சிறிது நேரம் கழித்து மூன்று ஆச்சரியக்குறிகள் வந்தன.

மலை தன் பாடத்தையும் நடத்தியது. பனிமூட்டம் இறங்கி ஆன்டெனா கம்பி நனைந்தால் அதன் அதிர்வெண் கொஞ்சம் நகரும். காற்றில் மரம் ஆடினால் கம்பியும் ஆடும். லீனியர் ஆம்ப்ளிஃபையர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். இ வகுப்பு பொறுக்காது. சுமை மாறினால் நேரம் மாறும், விளிம்பு திரும்ப எழும், உச்ச வோல்டேஜ் தாண்டிப் போகும். சூரியத் தகடு ஒன்றை மாட்டி பேட்டரியை 14.4 வோல்ட்டுக்கு ஏற்றியிருந்தால் உச்சம் 51 வோல்ட் ஆகிவிடும். பிற்காலத்தில் 60 வோல்ட் தாங்கும் சின்ன மாஸ்ஃபெட்டுகள் கைக்கு வந்தபோதும் மலைப் பெட்டியில் அவர் 100 வோல்ட் பாகத்தையே வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். கேட்டுக்கு அரை வாட் கொடுத்தாவது மூடுபனியில் நிம்மதியாக இருக்கலாம்.

கொஞ்ச நாளிலேயே இதே அறிவு சமையலறைக்குத் தேவைப்பட்டது. அந்த வீட்டில் விறகடுப்போடு ஒரு இண்டக்ஷன் அடுப்பும் இருந்தது. “தம்பி, இது ரெண்டாவது தடவையா போச்சுங்க. கீழ குடுத்து சரி பண்ணி வந்து ஒரு வாரம் ஆகல” என்று அதைக் கொண்டுவந்து வைத்தார் அந்த அம்மா. பிளக்கைப் பிடுங்கித் திறந்து, உள்ளே இருந்த கெப்பாசிட்டரை ஒரு குண்டு பல்பு வழியாக வடித்துவிட்டுப் பார்த்தார். ஃபியூஸ் கருகியிருந்தது. 1,200 வோல்ட் தாங்கும் ஐஜிபிடி என்ற ஸ்விட்ச் டிரான்சிஸ்டர் ஷார்ட். புதிதாகப் போட்டதன் ஈயம் இன்னும் பளபளத்தது.

பெரும்பாலான வீட்டு இண்டக்ஷன் அடுப்புகள் ஒரே ஒரு ஐஜிபிடியில் ஓடுகின்றன. தட்டுக்கடியில் பல இழைக் கம்பியால் சுற்றிய காயில், அதற்கு இணையாக 0.3 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஸ்விட்ச் ஆஃப் ஆனதும் இரண்டும் சேர்ந்து ஊசலாடி வோல்டேஜை ஆயிரத்துக்கு அருகே தூக்கி, பூஜ்யத்துக்கு இறக்கும். அப்போது ஸ்விட்ச் மூடும். நொடிக்கு இருபதாயிரத்துக்கு மேல், காது கேட்காத வேகத்தில். மெகாஹெர்ட்ஸும் ஆன்டெனாவும் இல்லை, வாணலி இருக்கிறது. மற்றபடி திண்ணையில் அவர் கட்டியதன் நெருங்கிய சொந்தம். மல்டிமீட்டரில் கெப்பாசிட்டரை அளந்தார். 0.3 என்று அச்சடித்திருந்தது 0.19 காட்டியது. பிலிம் கெப்பாசிட்டர்கள் உள்ளே ஏற்படும் சின்னச் சின்னப் பொத்தல்களைத் தாமே எரித்து ஆற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொள்ளளவு போகும். கொள்ளளவு குறைந்தால் ஊசலின் உச்சம் உயரும். பழைய ஐஜிபிடியைக் கொன்றதே இந்த உயரம்தான். புதியதையும் அதுவே கொன்றது. அடுத்த தடவை மலையேறும்போது ஐஜிபிடியோடு கெப்பாசிட்டரையும் வாங்கிவந்து மாற்றினார். அடுப்பு அதன் பிறகு பல வருடம் ஓடியது. செத்த பாகத்தை மட்டும் மாற்றுவதும், அது ஏன் செத்தது என்று பார்ப்பதும் வேறு வேறு வேலைகள். பழுது பார்க்கும் கடைகளில் முதலாவதற்குக் கிடைக்கும் கூலி இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் ஆதங்கம்.

கோவையில் அவர் மேசையில் இதே தத்துவம் எல்எல்சி கன்வெர்ட்டர் என்ற பெயரில் இருந்தது. இரண்டு காயில், ஒரு கெப்பாசிட்டர், இரண்டு மாஸ்ஃபெட். ஒன்று ஆஃப் ஆகி மற்றது ஆன் ஆவதற்கு நடுவே சில நூறு நானோநொடி இடைவெளி. டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் காந்தக் கரண்ட் அந்த இடைவெளிக்குள் அடுத்த மாஸ்ஃபெட்டின் சார்ஜை உறிஞ்சித் துடைத்துவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் ஃபிரெட் லீயின் ஆய்வுக்குழு இதை உலகத்துக்குப் பழக்கப்படுத்தியது. இந்தியப் பொறியாளர்கள் பலருக்கு இந்தக் கதவைத் திறந்தவை பெங்களூர் ஐஐஎஸ்சி பேராசிரியர் வி. ராமநாராயணனின் பாடக் குறிப்புகள். இலவசமாகக் கிடைத்த அவற்றின் நகலை பவர் சப்ளை வேலையில் இருந்த எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்று எண்ண முடியாது. இன்று மடிக்கணினி சார்ஜர், தெருவிளக்கு டிரைவர், டிவி என்று பலவற்றில் ஏதோ ஒரு வகையில் இந்த ஒத்ததிர்வு இருக்கிறது. வானொலிக்காரர்களும் பவர் சப்ளைக்காரர்களும் பல்கலைக்கழகங்களில் தனித்தனித் துறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லாத கூட்டம் இல்லை.

பெரிய அளவில் யோசித்தால் இதன் எடை புரியும். 100 கிலோவாட் மீடியம் வேவ் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 சதவீதத் திறன் கொண்ட பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் என்றால் உள்ளே இழுப்பது 167 கிலோவாட். 88 சதவீதத்தில் ஓடும் ஸ்விட்ச் வகை என்றால் 114. நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் ஒலிபரப்பினால் வித்தியாசம் 950 யூனிட்டைத் தாண்டும். அந்த 950 யூனிட்டும் இத்தனை காலம் கட்டடத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டை இறக்க ஏசியையும் ஓட வைத்திருக்கும்.

இ வகுப்பால் எல்லாம் முடியும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அது ஸ்விட்ச், உள்ளே வரும் சிக்னல் சிறியதா பெரியதா என்பதை அது மதிக்காது. மோர்ஸுக்கு ஆன், ஆஃப் போதும். மனிதக் குரலில் ஏற்ற இறக்கம் இருக்கிறதே? லெனார்டு கான் 1952-லேயே இதற்கு ஒரு வழி சொன்னார். சிக்னலிலிருந்து அளவைத் தனியாக உரித்து எடு. மீதியை ஸ்விட்ச் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடு. உரித்த அளவை சப்ளை வோல்டேஜின் வழியாகத் திரும்பச் சேர். ஜெர்மனியின் கார்ல் மைன்ஸர் அதே திசையில் நடந்து, ஹெலாப்ஸ் என்ற பெயரில் அதைச் செயற்கைக்கோளில் ஏற்றினார்.

அந்தச் செயற்கைக்கோளை நம் பொறியாளர் கொல்லிமலையின் சீக்குப்பாறைக் காட்சிமுனையிலிருந்து கேட்டார். ஆஸ்கர்-7. 1974 நவம்பர் 15 அன்று ஹாம்களுக்காக ஏவப்பட்டது. 1981-ல் பேட்டரி ஷார்ட்டாகி ஊமையானது. 21 வருடம் கழித்து, 2002 ஜூனில், திடீரென்று திரும்பப் பேசத் தொடங்கியது. ஷார்ட்டாகியிருந்த பேட்டரி பிற்பாடு துண்டித்துக்கொண்டது என்று விளக்குகிறார்கள். சூரியத் தகடுகள் நேரடியாகக் கருவிகளுக்கு ஊட்டின. வெயில் படும்போது பேசும், பூமியின் நிழலில் நுழைந்தால் அணைந்துவிடும். கையில் பிடித்த யாகி ஆன்டெனாவை வடக்கே திருப்பிக்கொண்டு, கீழே சமவெளி மங்கலாக விரிந்து கிடக்க, 145.9 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அவர் தேடினார். முதலில் இரைச்சல். பிறகு சற்றே தள்ளாடும் சுருதியில் மோர்ஸ். சுமார் 1,450 கிலோமீட்டர் உயரத்தில், தான் பிறப்பதற்கு முன் ஏவப்பட்ட ஒரு பெட்டியின் எட்டு வாட் டிரான்ஸ்பாண்டரிலிருந்து. கிழடான தகடுகள் தரும் கொஞ்ச சக்தியில் அது இன்னும் பேசுகிறது என்றால், அதைக் கட்டியவர்கள் ஒரு வாட்டைக்கூட அலட்சியம் செய்யவில்லை. இஸ்ரோ 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் அனுப்பிய ஹாம்சாட்டும் அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பேட்டரி 2014 ஜூலையில் கைவிட்டது.

2017-ல் ஹான்ஸ் சம்மர்ஸின் கியூஆர்பி லேப்ஸ் க்யூசிஎக்ஸ் என்ற மோர்ஸ் கிட்டை வெளியிட்டது. மூன்று பிஎஸ்170 மாஸ்ஃபெட்டுகள் இ வகுப்பில், ஹீட்சிங்க் இல்லாமல். ஒவ்வொன்றின் கேட் கெப்பாசிட்டரும் 24 பிகோஃபாரட் அளவே. ஐஆர்எஃப்510-க்கு அது 180. சோகல்களின் சூத்திரம் தபாலில் வரும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்கிவிட்டது. கட்டுபவர் ஸ்கோப் இல்லாமலே டொராய்டைச் சுற்றி மாட்டினால் போதும், ஓடும். அவருக்கு இதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. அந்த வளைவு கோட்டைத் தொடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் கூடட்டும் என்ற ஆசை மட்டும் உண்டு.

செம்மேட்டுக்கு அருகே அந்த வீட்டின் பையன் அப்போது டிப்ளமா படித்துக்கொண்டிருந்தான். திண்ணையில் நடந்ததையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஒரு நாள் கேட்டான். “அண்ணா, எங்க இன்வெர்ட்டர்லயும் இப்படி செய்யலாமா? ராத்திரி ஒரே ஒரு லைட் எரிஞ்சாலும் காலையில பேட்டரி இறங்கிடுது.”

வீட்டில் இருந்தது இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பழைய வகை. அவர் கிளாம்ப் மீட்டரைக் கொடுத்து, எந்தச் சுமையும் இல்லாமல் பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது என்று பார்க்கச் சொன்னார். ஒரு ஆம்பியர். 12 வோல்ட்டில் 12 வாட். பத்து மணி நேர ராத்திரிக்கு 120 வாட்-மணி. ஒரு விளக்கும் எரியாமலே.

“லைட்டு எத்தனை வாட்டு?”

“ஒன்பது.”

“அப்ப லைட்டை விட பெட்டிதான் அதிகம் சாப்பிடுது.”

பையன் நோட்டை எடுத்தான். 12 வோல்ட்டை நூறு கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கன்வெர்ட்டரால் 350-க்கு ஏற்றுவது முதல் கட்டம். அதை நான்கு மாஸ்ஃபெட்டால் 50 ஹெர்ட்ஸாக வெட்டுவது இரண்டாம் கட்டம். இருநூறு வாட்டுக்கு பேட்டரிப் பக்கம் பதினேழு, பதினெட்டு ஆம்பியர் ஓடும், கம்பி போதாது, செம்புப் பட்டைதான் சுற்ற வேண்டும். ஃபெரைட் கோருக்குப் பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் இரண்டைப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவர் சொல்ல, சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும்போது பழைய சாமான்காரரிடம் கேட்டு வைப்பதாகப் பையன் எழுதிக்கொண்டான். சுமை இல்லாதபோது அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டான்.

“அரை வாட்டு கஷ்டம்டா. ஒண்ணுன்னு போடு.”

“இல்லண்ணா, அரையே இருக்கட்டும்.”